சிரிக்காமல் இருக்கும் உரிமை

2020இல் அலுவலகங்கள் எல்லாம் வீடியோ மீட்டிங்குக்கு மாறியபோது மேலாளர்கள் பலருக்கு ஒரு சங்கடம் வந்தது. யாரும் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர்களுடைய ஜோக்குகளுக்குச் சிரிப்புச் சத்தம் வரவில்லை.

எங்கள் மேலாளருக்கும் அதே கதைதான். வாரத்தின் முதல் மீட்டிங்கை ஒரு ஜோக்கோடு ஆரம்பிப்பது அவர் வழக்கம். நேரில் கூடிய காலத்தில் அறையே குலுங்கும். இப்போதும் அதே மனிதர், அதே பாணி ஜோக். ஆனால் எல்லோரும் மைக்கை அணைத்து வைத்திருக்கிறோம். ஜோக் முடிந்தது. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், சிலருக்குக் கேமராவும் கிடையாது. ஒரு சத்தமும் இல்லை. "ஹலோ, நான் பேசுறது கேக்குதா?" என்றார். உடனே ஒருவர் அவசரமாக மைக்கைத் திறந்து "ஹஹ்ஹா, கேக்குது சார், சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி அணைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் ஓர் ஏற்பாடு தானாக உருவானது. ஜோக் முடிந்ததும் சாட் பெட்டியில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தைப் போட்டுவிட வேண்டும். போடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது பெயரோடு தெரிந்தது. மீட்டிங் அறையில் கும்பலோடு கும்பலாக வாயைத் திறந்து மூடித் தப்பித்து வந்தவர்களுக்கு அந்த வசதியும் போயிற்று.

சிரிப்பு என்பது ஜோக்குக்குக் கொடுக்கும் மதிப்பெண் என்றுதான் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ராபர்ட் ப்ரொவைன் இதை எளிய முறையில் சோதித்துப் பார்த்தார். அவரும் மாணவர்களும் பொது இடங்களில் மனிதர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்து, சிரிப்பு எழுந்த 1,200 தருணங்களைக் குறித்துக்கொண்டார்கள். ஜோக் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்றைத் தொடர்ந்து வந்த சிரிப்பு அதில் 20 சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" வகையறாப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட அடுத்தவர் இருக்கும்போது சிரிப்பது சுமார் 30 மடங்கு அதிகம் என்றும் அவர் கண்டார். "நான் உங்கள் பக்கம்தான்" என்று எதிராளிக்குச் சொல்லும் சத்தம் அது.

நண்பர்கள் நடுவில் அப்படிச் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. சம்பளமும் பதவி உயர்வும் ஒருவர் கையில் இருக்கும் இடத்தில்தான் விஷயம் மாறுகிறது. அங்கே யார் ஜோக் அடிக்கிறார்கள், அது நல்ல ஜோக்கா மொக்கையா என்பதையெல்லாம் நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. யாரால் சிரிக்காமல் இருக்க முடிகிறது என்று பார்க்கிறேன். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பதவிப் பெயர்களைவிட அது சரியாகக் காட்டிவிடுகிறது.

ரோஸ் லாப் கோசர் என்ற சமூகவியலாளர் 1960இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்த விஷயத்தில் இன்றைக்கும் முதலில் படிக்க வேண்டியது. ஒரு மனநல மருத்துவமனையில் மருத்துவர்களும் மற்ற ஊழியர்களும் கூடும் கூட்டங்களில் மூன்று மாதம் உட்கார்ந்து, யார் ஜோக் சொன்னார்கள், அது யாரைப் பற்றியது என்று அவர் குறித்துக்கொண்டார். மூத்த மருத்துவர்கள் அதிகமாக ஜோக் அடித்தார்கள். இளையவர்கள் அதைவிடக் குறைவு. மருத்துவர் அல்லாத ஊழியர்கள் அநேகமாக வாயே திறக்கவில்லை. மூத்தவர்களின் ஜோக் பெரும்பாலும் இளையவர்களைக் குறிவைத்தது. இளையவர்களோ தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள், இல்லையென்றால் நோயாளிகளை. மூத்தவர் ஒருவர் அறையில் இருக்கும்போது அவரைக் குறிவைத்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஆக, தண்ணீர் போல நகைச்சுவை மேலிருந்து கீழேதான் ஓடியது. இந்த இளைய மருத்துவர்கள் வெளியே நண்பர்கள் மத்தியில் நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள் அல்ல என்பதையும் கோசர் கவனித்திருக்கிறார். கூட்டத்துக்குள் வந்ததும் அது எங்கோ போய்விடுகிறது. இன்னொரு கணக்கும் அந்தக் கட்டுரையில் உண்டு. பதிவான 103 நகைச்சுவைகளில் 99 ஆண்கள் சொன்னவை. பெண்கள் சொன்னது நான்கே நான்கு. ஆனால் சிரிப்பதில் பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். உழைப்பு இப்படிப் பங்கிடப்பட்டிருந்தது என்று அதை நான் படித்துக்கொள்கிறேன்.

கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டால் மேலே இருப்பவருக்கு ஏன் அவ்வளவு உறுத்துகிறது? மீட்டிங்கில் ஒரு மூலையில் இரண்டு பேர் ஏதோ முணுமுணுத்துச் சிரிக்கட்டும், உடனே தலைமேசையிலிருந்து "என்ன ஜோக்? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" என்று வரும். கேள்வி போலத் தெரியும், ஆனால் எச்சரிக்கை. வள்ளுவர் மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தில் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறார்.

செவிச்சொல்லும் சேர்ந்த நகையும் அவித்தொழுகல்
ஆன்ற பெரியார் அகத்து.

பெரியவர் முன்னிலையில் ஒருவர் காதில் ஒருவர் பேசுவதையும், சேர்ந்து சிரிப்பதையும் தவிர்த்து நட என்கிறார். தன் குறையைக் கண்டுதான் சிரிக்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொள்வார் என்று உரையில் பரிமேலழகர் காரணம் சொல்கிறார். அரசனை மாற்றச் சொல்லும் குறள் இல்லை இது. அரசனுக்குக் கீழே வேலை பார்ப்பவன் பிழைத்திருக்க வேண்டுமே என்ற கவலையில் சொன்னது. அதனாலேயே எனக்குப் பிடிக்கும். மன்னன் சேர்ந்து சிரிக்கலாமா, அவன் கிண்டல் செய்தால் அமைச்சன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அந்த அதிகாரத்தில் பேச்சில்லை. பேச என்ன இருக்கிறது, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படி முகத்தை வைத்துக்கொள்வதும் ஒரு வேலை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில் இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். உள்ளே ஒன்று இருக்க, வெளியே வேறொன்றை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருப்பது ஆளைத் தேய்க்கிறது என்பது அவர் வாதம். பயணிகளிடம் புன்னகைப்பதற்காவது அது வேலையின் ஒரு பகுதி என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். மேலாளரின் ஜோக்குக்குச் சிரிப்பது எந்த வேலை உத்தரவிலும் எழுதியிருப்பதில்லை. 2024இல் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு நேரடியாக இதையே எடுத்துக்கொண்டது. தலைவர் எவ்வளவுக்கெவ்வளவு அடிக்கடி ஜோக் அடிக்கிறாரோ அவ்வளவுக்கவ்வளவு ஊழியர்கள் பொய்யாகச் சிரிக்கிறார்கள், அதனால் களைப்படைகிறார்கள், வேலையில் திருப்தி குறைகிறது என்று அது சொல்கிறது. அதிகாரத்துக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும் என்று நம்புகிறவர்களிடம் இது கூடுதலாக இருந்ததாம். தலைமைப் பயிற்சி வகுப்புகளில் "டீமைச் சிரிக்க வையுங்கள்" என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்த வகுப்புக்குப் போய்வந்த ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஸ்லைடு பத்துக்கு ஒரு ஜோக். முன்பு அவர் ஜோக்கே அடிக்காதவர். அப்போது எங்களுக்கு இவ்வளவு அலுப்பு இல்லை.

அதிகாரம் போனதும் சிரிப்பு என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்றுப் போன பழைய இயக்குநர் ஒருவர் ஒரு விழாவுக்கு வந்திருந்தார். பதவியில் இருந்தபோது அவர் சொல்லும் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு வருடமும் சொல்வார், ஒவ்வொரு வருடமும் அரங்கம் அதிரும். அன்றும் அதே கதையைச் சொன்னார். மரியாதைக்குச் சிலர் புன்னகைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவரிடம் "முடிஞ்சுதாண்ணா?" என்று கேட்டான். கதையில் ஒரு வார்த்தையும் மாறவில்லை. பதவியில் இருக்கும் வரை தான் நல்ல ஜோக் சொல்கிறோமா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு தலைவருக்கு வழியே கிடையாது. யோசித்துப் பார்த்தால் பாவம்தான்.

இன்னொரு வகை மேலாளர் உண்டு, தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்பவர். "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் சுத்தமா வராதுப்பா, நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்" என்பார். இது நல்ல குணம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே இருப்பவனுக்கு இதுவே பெரிய கண்டம். சிரிக்காவிட்டால் உம்மணாமூஞ்சி. அதிகம் சிரித்தால் "நிஜமாகவே அப்படி நினைக்கிறானோ?" என்று அவருக்குத் தோன்றிவிடும். பாதி சிரித்து, பாதி மறுத்து, "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல சார்" என்ற வாக்கியத்தைச் சரியான நொடியில் சேர்க்க வேண்டும். ஒருமுறை ஒருவர் யோசிக்காமல் "ஆமா சார், போன வாரம் அனுப்பின ஃபைலே திறக்கல" என்று சொல்லிவிட்டார். மேலாளர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த நண்பரின் அறிக்கையில் இருந்த எழுத்துப் பிழைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் உரிமை அவருடையது. அவரைத் தாழ்த்தும் உரிமை அதோடு சேர்ந்து நமக்கு வருவதில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம். ஜோக்கை வைத்து வேலை வாங்கும்போது அப்படி விட முடியாது.

முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில் வேலை நேரம் ஐந்தரைக்கு முடியும். எங்கள் குழுவில் ஒருவர், கைக்குழந்தையின் தாய், சரியாக ஐந்தரைக்குக் கிளம்புவார். குழுத்தலைவர் வாசல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். "என்ன மேடம், இன்னைக்கு ஹாஃப் டே லீவா?" அவ்வளவுதான். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே "ஆமா சார்" என்று போய்விடுவார். மறுநாளும் இதே. "குட்மார்னிங்" என்பார் ஒருநாள், மாலை ஐந்தரைக்கு.

நேரம் கடந்தும் உட்கார வேண்டும் என்று எங்கள் நிறுவனத்தில் எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. எந்த மெயிலும் இல்லை. கேட்டால் குழுத்தலைவர் சத்தியம் செய்வார், தான் யாரையும் நிறுத்தி வைத்ததில்லை என்று. அது உண்மையும்கூட. ஆனால் ஆறு மாதத்துக்குள் எங்கள் குழுவில் ஏழு மணிக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கவில்லை, அந்தப் பெண்ணைத் தவிர. ஒரு கட்டத்தில் ஜோக்கைத் தலைவர் சொல்வதையே விட்டுவிட்டார். தேவைப்படவில்லை. அந்தப் பெண் கிளம்பும்போது எங்களில் யாராவது ஒருவரே "ஹாஃப் டேயா?" என்று கேட்டுவிடுவார்கள்.

எழுத்தில் இருக்கும் உத்தரவை எதிர்த்து முறையிடலாம். ஜோக்கை எடுத்துக்கொண்டு எங்கே போவது? மனிதவளத் துறையில் போய் "மாலையில் என்னைப் பார்த்து ஹாஃப் டேயா என்று கேட்கிறார்" என்று சொன்னால் கேட்பவருக்கே சிரிப்பு வரும். குழுத்தலைவரிடமே சொன்னால், "அட, சும்மா தமாஷுக்குச் சொன்னேன், இதைப் போய் சீரியஸா எடுத்துக்கிட்டீங்களே, கொஞ்சம் ஸ்போர்ட்டிவ்வா இருங்க" என்பார். இந்த "ஸ்போர்ட்டிவ்" இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகாது. அடித்தவர் அடி வாங்கியவரிடம் எதிர்பார்க்கும் பெருந்தன்மை அது.

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 1996இல் ஆரம்பித்த பணியிட மொழி ஆய்வுத் திட்டம் ஒன்று உண்டு. ஊழியர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தாங்களே வைத்துக்கொண்டு அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் தலைவர் ஜேனட் ஹோம்ஸ் அலுவலக நகைச்சுவையை ஆராய்ந்தபோது இரண்டு வகைகளைப் பிரித்துச் சொன்னார். மேலே இருப்பவர் கட்டளையையும் குறையையும் பொதிந்து தரும் அடக்குமுறை நகைச்சுவை ஒன்று. கீழே இருப்பவர் அதிகாரத்தைச் சீண்டிப் பார்க்கும் எதிர்ப்பு நகைச்சுவை இன்னொன்று. இரண்டிலும் பொதுவாக இருப்பது, சொன்னவர் "சொல்லவே இல்லை" என்று பின்வாங்கிக்கொள்ளலாம் என்பது. ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்காது. தலைவர் "சும்மா சொன்னேன்" என்றால் அதோடு பேச்சு முடிந்தது. ஊழியர் "சும்மா சொன்னேன் சார்" என்றால் அங்கேதான் பேச்சே ஆரம்பிக்கும்.

கேலி உறவுகளைப் பற்றி மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்யலாம், சில இடங்களில் செய்தே ஆக வேண்டும், வாங்கிக்கொள்பவர் கோபப்படக் கூடாது. இதுதான் அந்த உறவின் விதி. அதில் அவர் கவனித்துச் சொன்ன ஒன்று, இரண்டு பக்கமும் கிண்டல் போகும் உறவு வேறு, ஒரு பக்கம் மட்டும் கிண்டல் செய்து மறுபக்கம் திருப்பித் தர முடியாத உறவு வேறு என்பது. அலுவலகங்களில் "நாங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி, கலாய்ச்சுக்குவோம்" என்று சொல்லும்போது முதல் வகையைச் சொல்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி பட்டப்பெயர்தான். யாருடைய பட்டப்பெயர் அவர் முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது, யாருடையது அவர் போன பிறகு சொல்லப்படுகிறது என்று பார்த்தால் போதும்.

ஒருவரைத் தலைவர் கிண்டல் செய்கிறார் என்றால் அது அவர்கள் இருவர் விஷயத்தோடு நிற்பதும் இல்லை. அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலிலேயே 2018இல் வந்த ஓர் ஆய்வு, நகைச்சுவை உணர்வுள்ள தலைவரால் ஊழியர்களுக்கு நல்லதும் நடக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. தலைவரோடு நெருக்கம் கூடுகிறது, வேலையில் ஈடுபாடு கூடுகிறது. அதே சமயம் "இங்கே விதியை மீறலாம்" என்ற செய்தியும் போகிறது. தலைவரின் நகைச்சுவை பிறரைக் குத்தும் வகையாக இருந்தால் இந்தச் செய்தி இன்னும் பலமாகப் போய், ஊழியர்கள் தாங்களும் ஒழுங்கு மீறுகிறார்கள். உளவியலாளர் தாமஸ் ஃபோர்டின் ஆய்வுகளும் இதற்குப் பக்கத்தில் வருபவை. பெண்களை மட்டம் தட்டும் ஜோக் ஒருவர் மனதில் புதிதாக வெறுப்பை விதைப்பதில்லை, ஏற்கெனவே அப்படி நினைப்பவருக்கு வெளிப்படையாக நடந்துகொள்ள அனுமதிச் சீட்டு தருகிறது என்பது அவர் வாதம். எங்கள் "ஹாஃப் டே" ஜோக்கில் நடந்ததும் அதுவே. எங்களுக்கு அந்தப் பெண்மேல் விரோதம் ஏதும் இல்லை. அவர் செய்யாத வேலையைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தது மட்டும் அந்த ஜோக்குக்குப் பிறகுதான்.

சரி, அவர் திருப்பி ஒரு ஜோக் அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். 2019இல் ஜர்னல் ஆஃப் அப்ளைடு சைக்காலஜியில் வந்த ஒரு பரிசோதனையில், கடை மேலாளர் ஒருவர் விற்பனை நிலவரத்தை விளக்குவது போன்ற ஒரே உரையை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நடித்த காணொளிகளைக் காட்டினார்கள். ஒன்றில் ஜோக்குகள் உண்டு, இன்னொன்றில் இல்லை. ஜோக் சொன்ன ஆணுக்கு மதிப்பு கூடியது. அதே ஜோக்கைச் சொன்ன பெண்ணுக்கு மதிப்பு குறைந்தது. அவன் இறுக்கத்தைக் குறைக்கிறான், அவள் வேலையைக் கெடுக்கிறாள் என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்த வசனம் ஒன்றுதான்.

இனி கீழே இருந்து வரும் நகைச்சுவை. ஒவ்வொரு ஜோக்கும் ஒரு குட்டிப் புரட்சி என்று ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. மேலாளர் இல்லாத வாட்ஸ்அப் குழு ஒன்று இல்லாத அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே நேரடி வர்ணனை ஓடும். அவர் வாய்க்கு வாய் சொல்லும் வார்த்தை இன்று எத்தனை தடவை வந்தது என்று ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார். அந்தக் குழு மட்டும் இல்லையென்றால் சில வேலைகளில் நான் இன்னும் சீக்கிரமாகவே ராஜினாமா செய்திருப்பேன். புரட்சியில் இருக்கும் சிக்கல் அங்கேயே இருக்கிறது. நான் ராஜினாமா செய்யவில்லை. யாரும் செய்யவில்லை. சிரித்து முடித்து ஏழு மணி வரை உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்தோம்.

டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் தானே ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவராகச் சேர்ந்து வேலை செய்து, 1959இல் இதை அருமையாக எழுதினார். நீளமான வேலை நாள், ஒரே மாதிரி அசைவு, அறையில் வயதான சில தொழிலாளர்கள். முதலில் ராய்க்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்திருக்கிறது. பிறகுதான் அவர்களுடைய நாள் எப்படி நகர்கிறது என்று பிடிபட்டது. ஒருவர் கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் தினமும் திருடித் தின்பார், "வாழைப்பழ நேரம்!" என்று கூவிக்கொண்டே. பறிகொடுத்தவர் தினமும் கத்துவார். மறுநாளும் பழம் வரும், மறுநாளும் திருடப்படும். இப்படி மணிக்கொரு கூத்து. அந்தக் கூத்துகளால் நாள் நகர்ந்தது. இயந்திரமும் நின்றதில்லை.

அந்தக் கட்டுரையில் பலரும் மேற்கோள் காட்டாத ஒரு பகுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளும் கொஞ்சம் மேலே இருந்தவர் ஜார்ஜ். அவருடைய மகள் ஒரு பேராசிரியரின் மகனை மணந்திருந்தாள். அந்தச் சம்பந்தம் அவருக்குப் பெருமை. அந்தப் பேராசிரியர் முடிதிருத்தும் பயிற்சிப் பள்ளியில்தான் பாடம் எடுக்கிறார் என்று ஒரு கதையை ராய் விளையாட்டாக எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் அதை ஜார்ஜிடம் சொன்னார். அவ்வளவுதான். ஜார்ஜ் பேச்சை நிறுத்தினார். பல நாட்கள் அந்த அறையில் வாழைப்பழ நேரமும் இல்லை, வேறு எந்த நேரமும் இல்லை. இத்தனை நாள் எல்லோரும் எல்லோரையும் கலாய்த்துக்கொண்டிருந்தது போலத் தெரிந்தது. ஆனால் தொடக் கூடாத இடம் ஒருவருக்கு இருந்திருக்கிறது, அது தொடப்பட்டதும் மொத்தக் கூத்தையும் நிறுத்திவைக்க அவரால் முடிந்திருக்கிறது. பழம் பறிகொடுத்தவர் நாள் தவறாமல் கோபப்பட்டார், அதனால் எதுவும் நின்றதில்லை.

அரசவைக் கோமாளிகளைப் பற்றியும் சொல்வார்கள், ராஜாவிடம் உண்மையைச் சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு மட்டும்தான் இருந்தது என்று. 1340இல் ஸ்லோய்ஸ் கடற்போரில் பிரெஞ்சுக் கப்பற்படையை ஆங்கிலேயர்கள் நாசம் செய்தார்கள். அந்தச் செய்தியைப் பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப்பிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லையாம். அவருடைய கோமாளிதான் போய், "இந்த ஆங்கிலேயர்கள் கோழைகள் மன்னா, நம் வீரர்களைப் போலக் கடலில் குதிக்க அவர்களுக்குத் தைரியமே இல்லை" என்றான் என்று கதை. தெனாலிராமன் கதைகள் நமக்குத் தெரியும், அவற்றிலும் இதே அமைப்புதான். எனக்கு இந்தக் கதைகளில் கோமாளியின் துணிச்சலைவிட மற்றவர்களின் மௌனம் பெரிதாகத் தெரிகிறது. தோற்ற செய்தியை நேராகச் சொல்ல ஓர் அமைச்சருக்கு இடமில்லாத சபை, அதனால் அதை ஜோக்காகச் சொல்ல ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகங்களிலும் ஒரு ப்ராஜெக்ட் தோற்கப்போகிறது என்பது முதலில் ஜோக்காகத்தான் வெளியே வரும். "இது முடியும்போது நான் ரிட்டயர்டு ஆகியிருப்பேன்" என்று யாரோ சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், அறிக்கையில் மட்டும் எல்லாம் சரி என்று காட்டும் பச்சை நிறம் அப்படியே இருக்கும். அந்த ஜோக்கைக் கேட்டதும் "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்று நிறுத்திக் கேட்ட ஒரு மேலாளரிடமும் வேலை பார்த்திருக்கிறேன். அவருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கம்மி என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அவரைவிட நல்ல மேலாளர் எனக்கு அமைந்ததில்லை.

சிரிக்க மறுத்தவர் ஒருவரின் விவகாரம் பிரான்ஸில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பாரிஸில் ஓர் ஆலோசனை நிறுவனம். வேலையிடத்தில் கொண்டாட்டம் என்பது அந்த நிறுவனத்தின் கொள்கைகளில் ஒன்று. வாரக் கடைசி மது விருந்துகள், கூட்டங்கள், ஆளுக்கொரு பட்டப்பெயர், ஊழியர்களின் முகத்தைக் கோணலாக்கி ஒட்டிவைத்த படங்கள். மூத்த ஊழியர் ஒருவர் இதில் கலந்துகொள்ள மாட்டேன் என்றார். 2015இல் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். வழக்கு நடந்து 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இந்தக் கேளிக்கைகளில் சேராமல் இருப்பது அவருடைய கருத்துச் சுதந்திரத்துக்குள் வருகிறது, அதற்காக வேலைநீக்கம் செய்தது செல்லாது என்றது நீதிமன்றம். தீர்ப்பைப் பற்றிய செய்திகள் உலகம் முழுக்க வேடிக்கைச் செய்தியாக வெளிவந்தன. "ஜாலியாக இல்லாததற்கு வேலைநீக்கம்" என்ற ரகத் தலைப்புகள். ஏழு வருடம் வழக்கு நடத்தியவர் அந்தத் தலைப்புகளைப் பார்த்து என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை, சிரித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றம் வரை போகாமல் சமாளித்த ஒருவரை நான் அறிவேன். என்னோடு வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். எங்கள் துறைத்தலைவர் மீட்டிங்கில் அவர் உடையைப் பற்றியோ ஊர்ப் பேச்சைப் பற்றியோ ஏதாவது ஒரு ஜோக்கை வீசுவார். இவர் சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார். மிகவும் மரியாதையாக, "புரியலையே சார், கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன்" என்பார். துறைத்தலைவர் "அட, அது வந்து..." என்று ஆரம்பிப்பார். விளக்க விளக்க, அந்த ஜோக்கில் இருந்தது இவருடைய ஊரைப் பற்றிய இளக்காரம் மட்டும்தான் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "ஓ, அப்படியா சார்" என்று இவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வார். என்ன எழுதினார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. இதே மாதிரி சில தடவை நடந்த பிறகு துறைத்தலைவர் அவர் பக்கமே ஜோக் அடிப்பதில்லை. இளக்காரம் எங்கள் பக்கம் திரும்பியது, நாங்கள் வழக்கம்போலச் சிரித்தோம்.

அந்த வருட அப்ரைசலில் அவருக்கு வேலைத் தரத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. கீழே, முன்னேற வேண்டிய பகுதி என்ற கட்டத்தில், "டீமோடு இன்னும் கொஞ்சம் கலகலப்பாகப் பழக வேண்டும்" என்று எழுதியிருந்தது. அவர் அதையும் எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போய், இது புரியலையே சார் என்று கேட்டாராம்.